ஜாம்பவான்கள் சறுக்கி விழும் மாசம் எது தெரியுமா? நம்ம குற்றால சீசன்தான்!

ஆறு தேதிகளைச் சொல்கிறேன், கவனியுங்கள். 1911 ஜூலை 29. 1950 ஜூலை 16. 1954 ஜூலை 4. 1992 ஜூன் 26. 2004 ஜூலை 4. 2007 ஜூலை 29.

என்ன தேதிகள் தெரியுமா? ‘இவனுங்களாவது ஜெயிக்கிறதாவது’ என்று ஊரே சிரித்த கால்பந்து அணிகள், கடைசி ஆட்டத்தில் ஜாம்பவான்களைச் சாய்த்துவிட்டுக் கோப்பையோடு வீட்டுக்குப் போன நாள்கள்! இப்போது அதே தேதிகளைத் தமிழ் மாசத்தில் எண்ணிப் பாருங்கள். தென்காசிக்காரர்கள் இந்நேரம் பிடித்திருப்பார்கள். எல்லாமே ஆனி, ஆடி. பேரருவியில் ஆர்ச்சைத் தாண்டித் தண்ணீர் விழுந்து, ஐந்தருவியில் ஆள் நிற்க இடமில்லாமல், செங்கோட்டை ரோடு முழுக்க வெளியூர் வண்டி நிற்கிற அதே மாசம்!

ஏன் இந்தப் பொருத்தம் தெரியுமா?

மந்திரம் எதுவும் கிடையாது. ஐரோப்பாவில் கிளப் ஆட்டங்கள் மே மாசத்தோடு முடிகின்றன. நாட்டுக்கு நாடு மோதும் பெரிய போட்டிகளுக்கு மிச்சமிருப்பது ஜூனும் ஜூலையும்தான். நம் பக்கமோ, தென்மேற்குப் பருவமழை ஜூன் முதல் வாரம் கேரளத்தில் இறங்கி, ஆரியங்காவுக் கணவாய் வழியாகக் காற்றையும் தூறலையும் இங்கே தள்ளிவிடுகிறது. அங்கே விசில், இங்கே சாரல்! உலகக் கோப்பைகளில் கத்தார் மட்டும்தான் 2022 நவம்பர், டிசம்பருக்குத் தள்ளிப்போய் இந்தக் கணக்கைக் கெடுத்தது.

அதனால்தான் இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கால்பந்து ஞாபகம் என்றாலே நனைந்த ஞாபகம். மொட்டை மாடியில் ஆண்டெனாவைப் பிடித்துக்கொண்டு ஒருத்தன் தூறலில் நிற்பான். கீழிருந்து அண்ணன் கத்துவான். “ஏலே, இன்னும் கொஞ்சம் திருப்பு!” “இப்பத் தெரியுதாண்ணே?” “ஆளு தெரியுது, பந்து தெரியலலே!” அப்படிப் பார்த்த ஆட்டத்தை ஐம்பது வயதிலும் யார் மறப்பார்?

1990-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். தென்காசி காசி விசுவநாதர் கோயிலின் ராஜகோபுரம் புதிதாக எழுந்து, சுமார் 180 அடி உயரத்தில் நின்ற ஆண்டு. அதே ஆண்டு ஜூன் 8-ம் தேதி, இத்தாலி உலகக் கோப்பையின் முதல் ஆட்டத்திலேயே நடப்புச் சாம்பியன் அர்ஜென்டினாவை 1-0 என்று கேமரூன் வீழ்த்தியது. கேமரூன் அணியில் கடைசியில் மிஞ்சியவர்கள் எத்தனை பேர் தெரியுமா? ஒன்பதே பேர்! இரண்டு பேரை நடுவர் வெளியே அனுப்பியிருந்தார்.

நம்ம ‘பார்டர்’ பசங்க யாருக்குக் கை தட்டினார்கள் தெரியுமா?

பிரானூர் பார்டரில் பரோட்டா சாப்பிடாமல் குற்றாலப் பயணம் முடியாது. அந்தப் பெயரில் ஒரு வரலாறே இருக்கிறது. செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்ப் பக்கம் இருந்த ஊர். கொல்லத்துக்கு ரயில் 1904-லேயே மலையைக் குடைந்து போய்விட்டது. பிழைப்பு, பெண் கொடுத்தது, எடுத்தது எல்லாம் மலைக்கு இரண்டு பக்கமும்தான். திருநெல்வேலி வானொலி கேட்ட வீட்டிலேயே திருவனந்தபுரம் வானொலியும் கேட்கும். அங்கே கால்பந்து என்றால் உயிர். அந்தப் பைத்தியம் கணவாய் தாண்டி வராமல் இருக்குமா?

1973 டிசம்பர் 27. மார்கழிக் குளிர். ஐயப்ப சாமிமார் வண்டி வண்டியாகக் குற்றாலத்தில் குளித்துவிட்டு மலையேறும் சமயம். எர்ணாகுளம் மகாராஜாஸ் கல்லூரி மைதானத்தில் சந்தோஷ் டிராபி இறுதிப் போட்டி. எதிரே ரயில்வே அணி. அதுவரை கேரளம் ஒரு தடவைகூட அந்தக் கோப்பையைத் தொட்டதில்லை. கேப்டன் டி.கே.எஸ். மணி மூன்று கோல் போட்டார்! கேரளம் 3-2. அன்றிலிருந்து சாகும்வரை அவருக்குப் பெயரே ‘கேப்டன் மணி’.

இதில் தமிழ்நாட்டுக்காரர் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ள ஒரு விஷயம் உண்டு, தெரியுமா? அந்தக் கேரள அணியின் பயிற்சியாளர் சைமன் சுந்தரராஜ், தமிழ்நாட்டில் பிறந்தவர். 1960 ரோம் ஒலிம்பிக்கில் இந்தியாவுக்காக ஆடியவர். இந்தியக் கால்பந்து அணி ஒலிம்பிக்கில் ஆடியது அதுவே கடைசி!

சோடா விற்ற பையன் யார் தெரியுமா?

திருச்சூர் மைதானத்தில் ஆட்டம் நடக்கும்போது கூட்டத்துக்கு நடுவே சோடா பாட்டில் தூக்கிக்கொண்டு ஒரு ஏழைப் பையன் ஓடுவான். பாட்டிலுக்குப் பத்துப் பைசா. ஒரு கண் காசில், ஒரு கண் பந்தில்.

1990-ல் அதே திருச்சூரில் ஃபெடரேஷன் கோப்பை இறுதிப் போட்டி. முந்தைய இரண்டு ஆண்டும் கோப்பை வென்ற கோவாவின் சல்காவ்கர் அணி ஒரு பக்கம். மறுபக்கம் கேரளா போலீஸ். கேரளத்துக் கிளப் எதுவும் அதற்கு முன் அந்தக் கோப்பையை வென்றதில்லை. முடிவு? 2-1, கோப்பை போலீஸுக்கு! ஜெயித்த அணியில் அந்தச் சோடாப் பையனும் இருந்தான். பெயர் ஐ.எம். விஜயன். பிறகு இந்திய அணியின் கேப்டனாக உயர்ந்தார், 2025-ல் பத்மஸ்ரீ வாங்கினார்.

எங்கேயோ பார்த்த முகமாக இருக்கிறதா? ‘திமிரு’ படத்தில் விஷாலை மிரட்டிய வில்லன் அவர்தான். ‘கொம்பன்’, ‘பிகில்’ படங்களிலும் இருக்கிறார். தியேட்டரில் அவரைப் பார்த்துப் பல்லைக் கடித்தவர்களில் எத்தனை பேருக்கு இந்தச் சோடாக் கதை தெரியும்?

பிரேசிலின் மஞ்சள் சட்டையை வரைந்தவன் பிரேசிலுக்குக் கை தட்டாதவன்... தெரியுமா?

1950 ஜூலை 16, ரியோ டி ஜெனிரோ, மரக்கானா மைதானம். டிக்கெட் வாங்கி உள்ளே போனவர்கள் மட்டும் அதிகாரப்பூர்வக் கணக்கில் 1,73,850 பேர்! பிரேசிலுக்கு டிரா செய்தாலே கோப்பை. எதிரே சின்னஞ்சிறு உருகுவே. முதல் கோல் பிரேசிலுக்கு. ஸ்கியாஃபினோ சமன் செய்தார். ஆட்டம் முடியப் பதினோரு நிமிடம் இருக்கும்போது கிக்ஜியா வலப்பக்கம் ஓடிவந்து அடித்தார், 2-1. அவ்வளவு பெரிய மைதானத்தில் மூச்சுச் சத்தம் இல்லை.

அன்று பிரேசில் போட்டிருந்தது வெள்ளைச் சட்டை. தோல்விக்குப் பிறகு அந்த ராசியில்லாத சட்டையே வேண்டாம் என்று தலைமுழுகினார்கள். புதுச் சட்டை வரைய 1953-ல் ஒரு பத்திரிகை போட்டி வைத்தது. ஜெயித்தவன் அல்டிர் ஷ்லீ என்ற இளவட்டப் பையன். மஞ்சள் சட்டை, பச்சை ஓரம், நீல டிரவுசர். உலகமே அடையாளம் வைத்திருக்கும் அதே உடுப்பு!

இனிமேல்தான் வேடிக்கை. அவன் ஊர் ஜாகுவாரோ, உருகுவே எல்லையை ஒட்டிய ஊர். ஆற்றுப் பாலம் தாண்டினால் அடுத்த நாடு. பையனுக்குச் சின்ன வயதிலிருந்தே பிடித்த அணி உருகுவே! பிரேசிலுக்குச் சட்டை வரைந்து கொடுத்தவர் சாகும்வரை உருகுவே ரசிகராகவே இருந்தார். இதைக் கேட்டுச் செங்கோட்டைப் பெரியவர்கள் ஆச்சரியப்பட மாட்டார்கள். எல்லையில் வளர்ந்தவன் மனசு எந்தப் பக்கம் சாயும் என்று எந்த அரசாங்கம் சொல்ல முடியும்?

அப்பா அழுததைப் பார்த்த ஒன்பது வயதுப் பையன் என்ன செய்தான் தெரியுமா?

அதே நாள், பவுரு என்ற ஊர். ஒரு வீட்டில் ரேடியோவைச் சுற்றி உறவும் நட்பும். ஆட்டம் முடிந்ததும் அப்பா கண்ணீர் விட்டார். அவரும் கால்பந்து ஆடியவர். அப்பா அழுது அதுவரை பார்த்திராத மகன் சொன்னானாம்: அழாதீங்கப்பா, உங்களுக்கு நான் ஒரு உலகக் கோப்பை வாங்கித் தருகிறேன். ஒன்பது வயதுப் பேச்சை யார் கணக்கில் எடுப்பார்கள்?

ஏறத்தாழ எட்டு ஆண்டு கழித்து, 1958 ஜூன் 29. ஸ்வீடனில் இறுதிப் போட்டி. பிரேசில் 5-2. பதினேழு வயதில் இரண்டு கோல் போட்டு, மைதானத்திலேயே தேம்பி அழுத அந்தப் பையன்... பெலே! தேதியைப் பார்த்தீர்களா? அதுவும் ஆனிதான்.

சாரலில் ஜெயித்த உலகக் கோப்பை தெரியுமா?

1954 ஜூலை 4, சுவிட்சர்லாந்தின் பெர்ன். ஹங்கேரி நான்கு ஆண்டாகத் தோல்வியே அறியாத அணி. புஷ்காஷ் தலைமை. அதே போட்டியின் முதல் சுற்றில் மேற்கு ஜெர்மனியை 8-3 என்று துவைத்துக் காயப்போட்டிருந்தது. இறுதியிலும் எட்டே நிமிடத்தில் 2-0. முடிந்தது கதை என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள்.

ஆனால் மழை பெய்துகொண்டிருந்தது. ஜெர்மனியின் கேப்டன் ஃபிரிட்ஸ் வால்டருக்குப் போர்க்காலத்தில் மலேரியா வந்ததிலிருந்து வெயில் ஆகாது, மழையில்தான் அவர் ஆட்டம் சூடுபிடிக்கும். இன்றும் ஜெர்மனியில் தூறல் போட்டால் ‘ஃபிரிட்ஸ் வால்டர் வானிலை’ என்பார்கள்! போதாக்குறைக்கு அணியோடு வந்திருந்த அடி டாஸ்லர், கழற்றி மாட்டும் பூட்ஸ் குமிழ்களைத் தயாராக வைத்திருந்தார். சேற்றுக்கு நீளக் குமிழ். அவர் பெயரிலிருந்துதான் அடிடாஸ். பத்தே நிமிடத்தில் இரண்டு கோலையும் ஜெர்மனி திருப்பியது. 84-வது நிமிடம் ரான் அடித்தார், 3-2! அந்த நாளை ஒரு சிறுவனின் கண்வழியே சொல்லும் ஜெர்மானியப் படம் 2003-ல் வந்தது.

ஸ்கோரைக் காற்றாடி சொன்ன கதை தெரியுமா?

1911 ஜூலை 29, கல்கத்தா. ஐ.எஃப்.ஏ. ஷீல்டு இறுதிப் போட்டி. ஒரு பக்கம் ஈஸ்ட் யார்க்ஷயர் ரெஜிமென்ட் வெள்ளைக்காரச் சிப்பாய்கள், பூட்ஸோடு. மறுபக்கம் மோகன் பகான். பதினோரு பேரில் பத்துப் பேர் வெறுங்கால்! கூட்டம் தாங்காமல் தனி ரயில், தனி ஸ்டீமர் விட்டார்கள். பின்னால் நின்ற ஆயிரக்கணக்கானவர்களுக்கு மைதானமே தெரியாது. அவர்களுக்கு எப்படி ஸ்கோர் போனது? காற்றாடியில் எழுதி மேலே பறக்கவிட்டார்கள்! முதல் கோல் வெள்ளையருக்கு. ஷிப்தாஸ் பாதுரி சமன் செய்ய, கடைசி நேரத்தில் அபிலாஷ் கோஷ் அடித்தார், 2-1. அந்த ஷீல்டை வென்ற முதல் இந்திய அணி!

அதே ஜூலை 29, தொண்ணூற்றாறு ஆண்டு கழித்து, 2007, ஜகார்த்தா. போர் தின்றுகொண்டிருந்த ஈராக், ஆசியக் கோப்பை இறுதியில் மூன்று முறை சாம்பியனான சவூதி அரேபியாவைச் சந்தித்தது. அரையிறுதி வெற்றியைக் கொண்டாடத் தெருவுக்கு வந்தவர்களைப் பாக்தாத்தில் குண்டுகள் கொன்றிருந்தன. ஷியா, சன்னி, குர்து என எல்லாரும் கலந்த அணி. சொந்த நாட்டில் பயிற்சி செய்யக்கூட வழியில்லாத அணி. கேப்டன் யூனிஸ் மஹ்மூத் தலையால் முட்டிய ஒரே கோல், 1-0. கோப்பை பாக்தாத்துக்கு!

ஒரு லட்சம் பேர் எதிராகக் கத்தியபோது கோல் போஸ்ட்டில் நின்றவர் யார் தெரியுமா?

இதே ஜகார்த்தாவில் நமக்கும் ஒரு நாள் உண்டு. 1962 செப்டம்பர் 4, ஆசிய விளையாட்டு இறுதிப் போட்டி. எதிரே தென் கொரியா. முதல் சுற்றில் நம்மை 2-0 என்று வென்ற அணி. அந்த ஆசிய விளையாட்டிலிருந்து இஸ்ரேலையும் தைவானையும் ஒதுக்கியதை ஓர் இந்திய அதிகாரி கண்டித்துவிட்டார். அதற்கு இந்தோனேசியக் கூட்டம் நம் வீரர்கள் மேல் பாய்ந்தது. ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் ஒரே குரலில் கூச்சல்.

பி.கே. பானர்ஜி ஒரு கோல். தலையில் தையல் போட்டிருந்த ஜர்னைல் சிங் முட்டி ஒரு கோல். இந்தியா 2-1, தங்கம்! பயிற்சியாளர் ரஹீம் சாகிப்புக்கு அப்போதே புற்றுநோய், அடுத்த ஆண்டு ஜூனில் மறைந்தார். அன்று கோல் காத்தவர் பீட்டர் தங்கராஜ். அவர் ராணுவத்தில் சேர்ந்து ஆடியது நீலகிரி வெலிங்டனில் இருக்கும் மெட்ராஸ் ரெஜிமென்டல் சென்டருக்கு. அந்த மலையூர் அணி 1955, 1958 என்று இரண்டு தடவை டூரண்ட் கோப்பையை வென்றது. ஊட்டிக்கு டூர் போகும்போது யாராவது இதைச் சொல்கிறார்களா?

சமையலறை வேலையை விட்டுவிட்டு வந்து கோப்பை வென்றவர் தெரியுமா?

1992 யூரோவுக்கு டென்மார்க் தேர்வாகவே இல்லை. யூகோஸ்லாவியா மேல் ஐ.நா. தடை விழுந்ததால், போட்டி தொடங்கப் பத்து நாள் இருக்கும்போது, ‘நீங்க வாங்க’ என்று கூப்பிட்டார்கள். பயிற்சியாளர் ரிச்சர்ட் மோலர் நீல்சன் அப்போது வீட்டில் சமையலறையைப் புதுப்பிக்கத் திட்டம் போட்டிருந்தாராம்! போனார்கள். நடப்புச் சாம்பியன் நெதர்லாந்தைப் பெனால்டியில் வென்றார்கள். இறுதியில் உலகச் சாம்பியன் ஜெர்மனியை 2-0! இரண்டாவது கோல் போட்ட கிம் வில்ஃபோர்ட், ரத்தப் புற்றுநோயில் கிடந்த மகளைப் பார்க்க முகாமுக்கும் மருத்துவமனைக்கும் அலைந்துகொண்டே ஆடியவர். நம் கடிகாரத்தில் அந்த ஆட்டம் தொடங்கிய நேரம் இரவு 11.45.

2004-ல் கிரீஸ், போர்ச்சுகலை அவர்கள் ஊர் லிஸ்பனிலேயே 1-0 என்று வென்றபோது மணி இன்னும் மோசம். நமக்கு நள்ளிரவு தாண்டி 12.15-க்குத்தான் தொடக்கம். தோற்று அழுத பத்தொன்பது வயது கிறிஸ்டியானோ ரொனால்டோவைப் பார்த்துவிட்டுப் படுத்த பிள்ளைகள், மறுநாள் திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் எப்படி விழித்திருந்தார்கள் என்பதுதான் அதிசயம்!

ஒரு கோல் அடித்தவர் ஒரு நாட்டையே தேற்றிய கதை தெரியுமா?

கேப்டன் மணி மூன்று கோல் போட்ட அதே 1973-ல், மே 5-ம் தேதி, லண்டன் வெம்பிளியில் இரண்டாம் டிவிஷன் சண்டர்லேண்ட் பெரிய லீட்ஸ் அணியை 1-0 என்று வீழ்த்தி எஃப்.ஏ. கோப்பையை எடுத்தது. கோல் போட்டவர் இயன் போர்ட்டர்ஃபீல்ட்.

இருபது ஆண்டு கழித்து, 1993 ஏப்ரல் 27. ஜாம்பியா அணி போன விமானம் காபோன் நாட்டின் லிப்ரவில் கடலோரத்தில் விழுந்து எல்லாரும் இறந்தார்கள். புது அணியைத் திரட்டி மறு ஆண்டே ஆப்பிரிக்கக் கோப்பை இறுதிவரை கொண்டுபோன பயிற்சியாளர் யார்? அதே போர்ட்டர்ஃபீல்ட்! அன்று நைஜீரியாவிடம் தோற்றார்கள். 2012-ல் மறுபடி இறுதிப் போட்டி. ஊர் எது தெரியுமா? லிப்ரவில்! ஆட்டத்துக்கு முன் வீரர்கள் அந்தக் கடற்கரையில் மலர் வைத்து வணங்கினார்கள். எதிரே ட்ரோக்பாவின் ஐவரி கோஸ்ட். கோலே விழவில்லை. பெனால்டியில் 8-7, ஜாம்பியா! உடம்பெல்லாம் சிலிர்க்கிறதா இல்லையா?

நம் பெண்கள் மணிப்பூரைச் சாய்த்தது தெரியுமா?

தமிழ்நாட்டு ஆண்கள் இன்றுவரை சந்தோஷ் டிராபியை வென்றதில்லை. பெண்கள்? தேசியச் சாம்பியன்ஷிப்பில் மணிப்பூர் வைத்ததுதான் சட்டம் என்று இருந்த காலத்தில், 2018 பிப்ரவரி 14, கட்டாக்கில் அந்த மணிப்பூரையே இறுதியில் 2-1 என்று வென்றார்கள். கடலூர் இந்துமதி கதிரேசன் ஆடிய அணி அது. மறு ஆண்டு மே மாசம் நம் சேது எஃப்.சி., லூதியானாவில் மணிப்பூர் போலீஸை 3-1 என்று சாய்த்து இந்திய மகளிர் லீக்கை எடுத்தது. 2023-ல் தமிழ்நாட்டுப் பெண்கள் ஹரியானாவை 2-1 என்று வென்று மறுபடியும் தேசியச் சாம்பியன். மாசம்? ஜூன். சீசன் ராசி விடுமா!

எளிய அணி ஏன் ஜெயிக்கிறது, ஏன் மறப்பதில்லை தெரியுமா?

கூடைப்பந்தில் நூறு புள்ளி விழும். கிரிக்கெட்டில் முந்நூறு ரன் வரும். அவ்வளவு நீளக் கணக்கில் பலசாலி கடைசியில் மேலே வந்துவிடுவான். கால்பந்தில் விழுவதே ஒன்றோ இரண்டோ. ஒரு கார்னர், ஒரு தலைமுட்டு, ஒரு கோல்கீப்பரின் நல்ல நாள், முடிந்தது! மேலே சொன்ன கதைகளில் 1-0-வும் 2-1-ம் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள்.

மறக்காததற்கும் காரணம் உண்டு. ராஜர் பிரவுன், ஜேம்ஸ் குலிக் என்ற உளவியலாளர்கள் 1977-ல் எழுதினார்கள்: நம்ப முடியாத சேதி வந்து விழும்போது, கேமரா ஃப்ளாஷ் அடித்ததுபோல அந்த இடமும் மனசில் பதிந்துவிடும். யார் சொன்னது, எங்கே நின்றோம், பக்கத்தில் யார் என்பதெல்லாம் ஒட்டிக்கொள்ளும். எல்லாரும் எதிர்பார்த்த அணி ஜெயித்தால் அந்த அதிர்ச்சிக்கு இடமேது? அதனால்தான் கோல் விழுந்த நிமிடத்தைத் தப்பாகச் சொல்பவர்கூட, ஆண்டெனா பிடித்தவன் யார் என்பதைத் தயங்காமல் சொல்கிறார்.

பெலேவும் விஜயனும் சொல்லும் சேதி இதுதான். பெரிய ஆட்டம் முடிந்த பிறகும் அதைப் பார்த்த பிள்ளைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒருத்தன் அப்பாவின் கண்ணீரைப் பார்த்தான், ஒருத்தன் சோடா விற்றுக்கொண்டே பந்தைப் பார்த்தான். இரண்டு பேரும் பின்னால் இறங்கி ஆடினார்கள்.

கடைசியாக ஒன்று. 2026 உலகக் கோப்பையின் இறுதிப் போட்டிக்குக் குறித்த நாள் ஜூலை 19. நமக்கு நள்ளிரவு தாண்டிய பிறகுதான் விசில், விடிந்தால் திங்கட்கிழமை. ஆடி பிறந்து, அருவியில் தண்ணீர் கொட்டும் நேரம். இப்படி ஒரு ராத்திரி வந்தால் ‘நாளைக்கு ஸ்கூல் இருக்கு, படுலே’ என்று பிள்ளையை விரட்டாதீர்கள். ஜாம்பவான் சறுக்கினால் அதற்கு அவன் கண் சாட்சியாக இருக்கட்டும். காலையில் வாத்தியாருக்கு லீவு லெட்டர் எழுதிக்கொள்ளலாம். அவரும் ராத்திரி முழுக்க டிவி முன்னாலதான் உட்கார்ந்திருப்பார், தெரியுமா?